கையெழுத்துப் போட்டு வாங்கிய பார்சல்

1

இதை ஊரில் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிடுவார்களே என்று கூச்சமாகவும் இருக்கிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் லைனில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்த குணசீலனைச் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். பெண்டாட்டி நர்ஸ், அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது, மகளோடு மூன்று பேரும் போய்விட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்று எங்களைப் பற்றிப் பேசுவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, என் பழைய லைனில் இருந்த பாஷா, "இன்னா தோஸ்த், அந்த ஊரு தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சி போல" என்று செய்தி அனுப்பினான். இரண்டு வருடத்தில் இருபத்தாறு கிலோ ஏறியிருந்தேன். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்பாவின் முதல் வருட நினைவு நாள் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

நாங்கள் இருப்பது ஒரு சின்ன நகரம். என் மனைவி ஜெயசீலி இங்குள்ள ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறாள். நான் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில். ஆன்லைனில் ஷூ வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்புகிறார்களே, அவை வந்து சேரும் இடம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா, தோலில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி விற்கலாம், விற்கக்கூடாது என்று பிரிக்க வேண்டும். ஆம்பூரில் அறுபது பேரை வைத்து நான் வாங்கிய வேலைதான். வேலை தெரியும். பேச்சுதான் தெரியாது.

எங்கள் மேலாளர் ஓர் இளம்பெண். வேகமாகப் பேசுவாள். புரியாவிட்டாலும் நான் தலையாட்டிவிடுவேன். ஒருநாள் அப்படித் தலையாட்டிவிட்டு, மதியம் வரை எல்லாவற்றையும் தவறான அலமாரியில் அடுக்கியிருந்தேன். அவள் திட்டவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்து காட்டினாள். ஒரு ஷூ, ஓர் அம்புக்குறி, ஓர் அலமாரி. பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் பொறுமையாகக் காட்டினாள். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் ஒரு முழு ரொட்டிப் பாக்கெட்டும் சாக்லேட் தடவிச் சாப்பிடும் டப்பா ஒன்றும் வாங்கினேன். எனக்குப் பசியில்லை. கடையின் தள்ளுவண்டிகளை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஆறு துண்டு வரைக்கும் எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. அந்தப் பத்து நிமிடம் அந்தப் படமோ அம்புக்குறியோ என் தலைக்குள் இல்லை. என் கையும் வாயும் மட்டும்தான் இருந்தன. பாக்கெட் காலியானதும் எல்லாம் திரும்பி வந்தது. கூடவே புதிதாக ஒன்றும் வந்தது: நாற்பத்தாறு வயது ஆள், வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருக்கிறான்.

அதுதான் முதல் தடவை. பிறகு காரணம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஏதாவது ஓர் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும். மகள் ரூபி தன் சிநேகிதிகளோடு போனில் ஜெர்மனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அறைக்குள் நுழைந்து, அவள் குரலைத் தாழ்த்தினால் போதும்.

வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒன்றரை தோசையோடு எழுந்துவிடுவேன். "இன்னாங்க, இவ்ளோ கம்மியா சாப்ட்டா எப்டி?" என்று ஜெயசீலி கவலைப்படுவாள். ஷிஃப்டு மாற்றி மாற்றிப் பார்ப்பதால் உடம்பு ஊதுகிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். நர்ஸாக இருந்தும் அவள் அதை நம்பினாள். நம்ப விரும்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் குப்பைக்கு ஏகப்பட்ட சட்டம் உண்டு. பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வைக்க வேண்டும். மெல்லிய பை, உள்ளே இருப்பது தெருவில் போகிறவருக்கெல்லாம் தெரியும். பையை வெளியே வைப்பது ரூபியின் வேலை. அதனால் நான் தின்ற பாக்கெட்டுகளின் உறைகளை மடித்துச் சட்டைக்குள் வைத்து, ரயில் நிலையத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வருவேன். முடியாத நாளில் மஞ்சள் பையின் அடியில் செருகிவிடுவேன்.

3

என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வெளியே இழுத்துப்போடும் வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று வீட்டில் அவர் மட்டும் ஸ்பூனால் சாப்பிடுவார். பேச்சு கம்மி. கோபம் வந்தால் கை நீண்டுவிடும்.

என்னை அடித்த நாளன்று சாயங்காலம் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவார். அக்காவைக் கூப்பிட மாட்டார், என்னை மட்டும் எதிரில் உட்காரவைத்துப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னு" என்பார். அவ்வளவுதான். அடித்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதுவரை விசும்பிக்கொண்டிருந்தாலும் முதல் வாயிலேயே அழுகை நின்றுவிடும். கண்ணீர் காய்ந்த கன்னத்தோடு கத்திரிக்காயைத் தொட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரை தின்று முடிப்பேன். எங்கள் வீட்டில் வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் பாசத்துக்கும் அந்த ஒரு பொட்டலம்தான். அவர்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழி அது. நான் செய்ததெல்லாம் நான் செய்ததுதான்.

கடைசி மூன்று வருடம் அப்பா சத்துவாச்சாரியில், என் அக்கா சாந்தியின் வீட்டில் இருந்தார். போன வருடம் ஒரு காலையில் அக்கா போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றாள். அப்போது என் விசா அட்டையின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்க மனுப் போட்டு, ஐந்து வாரம் தள்ளி நேரம் கொடுத்திருந்தார்கள். அட்டை இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று தெரியாது.

உடனே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். ரூபியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பதினான்கு வயதில் அவள் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசினாள். ஆனால் அப்பன் செத்ததைச் சொல்லக்கூட மகளைக் கூட்டிவந்தான் என்று ஆகிவிடுமே என்று தனியாகப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம், அப்பா முடிந்துவிட்டார் என்று சொல்வதாக நினைத்து ஒரு சொல்லைச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு இங்கே, களைத்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த அம்மாள் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, அவர் நன்றாக ஓய்வெடுக்கட்டும், சீக்கிரம் தேறிவிடுவார் என்றார். முன்பதிவு செய்வது எப்படி என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

செத்துவிட்டார் என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. சொல்ல விரும்பினேனா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. சாவு என்றால் அன்றே ஒரு தற்காலிகக் காகிதம் வாங்கியிருக்கலாம் என்று பல மாதம் கழித்து இங்குள்ள ஒரு தமிழர் சொன்னார். ஒரு சொல் சரியாகச் சொல்லியிருந்தால் அடக்கத்துக்குப் போயிருப்பேன்.

போக முடியாது என்று அக்காவிடம் போனில் சொன்னேன். மறுநாள் ஆம்பூர்க் கல்லறையில் அவள் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதிரியாரின் குரல் கேட்டது, நிறைய செருப்புக் கால்கள் தெரிந்தன. பெட்டியை இறக்கும்போது படம் நின்றுவிட்டது. ஜெயசீலிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, ரூபி பள்ளிக்கூடத்தில். நான் நின்றுபோன படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

4

முதல் வருட நினைவு நாளுக்கு எங்கள் வீட்டில் ஜெபம் வைப்பதாக இருந்தோம். சுற்று வட்டாரத்தில் இருக்கும் நாலு தமிழ்க் குடும்பங்களை ஜெயசீலி அழைத்திருந்தாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அக்கா அதிரசமும் முறுக்கும் சுட்டு, பார்சலில் அனுப்பியிருந்தாள். முழங்கால் வலியோடு ரெண்டு நாள் அடுப்படியில் நின்றாளாம். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று தினமும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்சல் வந்தது. எனக்கு அன்று மதிய ஷிஃப்டு, வீட்டில் தனியாக இருந்தேன். தபால்காரர் நீட்டிய கருவியில் விரலால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். மேலாக ஒரு நினைவு அட்டை இருந்தது. ஊரில் அடித்தது. அப்பாவின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே துக்கத்துடன் என்று போட்டு மகன், மருமகள், பேத்தி என்று எங்கள் பெயர்கள்தான் முதலில் இருந்தன. அக்காவின் பெயர் அதற்குக் கீழே.

அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். ஓர் அதிரசத்தை எடுத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு நான் சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அட்டைப்பெட்டியில் எண்ணெய்த்தாளும் முறுக்குத் தூளும்தான் மிச்சம். வயிறு வலித்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. தரையைத் துடைத்தேன். பெட்டியைக் கொண்டுபோய் எங்கள் கிடங்கில் அட்டைகளை நசுக்கும் இயந்திரத்தில் போட்டேன். அப்பாவின் படத்தைப் போட மனம் வரவில்லை. அதை என் லாக்கருக்குள் வைத்துப் பூட்டினேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும், நெய்ப் பண்டத்துக்கு அனுமதியில்லை என்று சுங்கத்தில் பிடித்து அழித்துவிட்டார்களாம், தகவல் வந்தது என்று ஜெயசீலியிடம் சொன்னேன். மறுநாள் அக்காவிடமும் அதையே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம்கூட இல்லாமல் சரளமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஜெயசீலி அவசரமாகக் கேசரி கிண்டியிருந்தாள். ஜெபம் முடிந்ததும் பார்சல் பேச்சு வந்தது. ஆளுக்கொரு சுங்கக் கதை சொன்னார்கள். அவங்களே துன்னு முடிச்சிருப்பாங்க என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

5

விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் பார்சலில் படம் வைத்திருந்ததாக அக்கா ஜெயசீலியிடம் சொல்லிவிட்டாள். "திங்கறத எடுத்துக்கட்டும். மாமா போட்டோ எதுக்கு அவங்களுக்கு?" என்றாள் ஜெயசீலி. அதைத் திருப்பிக் கேட்டுச் சுங்கத்துக்கும் தபாலுக்கும் எழுதச் சொல்லி ரூபியை உட்காரவைத்தாள். வார்டில் பேசும் ஜெர்மன் அவளுக்கு வரும், ஆபீஸ் கடிதம் என்றால் அவளுக்கும் ரூபிதான் வேண்டும். ரூபி பார்சல் எண்ணைப் போட்டு ஜெர்மனில் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். இறந்துபோன தாத்தாவின் படம், எங்களுக்கு அது முக்கியம் என்று எழுதியிருந்ததாக அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அந்தப் பக்கம் அக்கா பஸ் ஏறிப் பெரிய தபாலாபீசுக்குப் போய், வரிசையில் நின்று ஒரு புகார் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் ஜெயசீலி கடிதத்தைப் பிரித்து ரூபியிடம் கொடுத்தாள். ரூபி முதலில் தனக்குள் படித்தாள். படித்து முடித்தும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிதானமாக, அவளுடைய தட்டுத்தடுமாறும் தமிழில், எவ்வளவோ தேடினார்களாம், கிடைக்கவில்லையாம், மன்னிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெயசீலி டூட்டிக்குப் போன பிறகு, ரூபி என் அறைக்கு வந்து அந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இத நீ வெச்சிக்கோப்பா. அம்மா ஆஸ்பத்திரில யாராவது படிச்சி சொல்லிட்டா கஷ்டம்."

எனக்கு ஜெர்மன் அவ்வளவு படிக்க வராது. ஆனாலும் நாள், நேரம், என் பெயர் மூன்றும் புரிந்தன. கீழே நான் விரலால் போட்ட கோணல் கையெழுத்தையும் அச்சடித்திருந்தார்கள்.

"உனக்கு இது இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டேன். அதைவிடக் கேவலமான கேள்வியை நான் கேட்டிருக்க முடியாது.

"பார்சல் இப்பத்தான். மத்தது முன்னாடியே." மஞ்சள் பையை வெளியே வைக்கிறவள் அவள்தானே. அம்மா கண்ணில் படும் முன்பு சிலவற்றை எடுத்துச் சிநேகிதி வீட்டுப் பையில் போட்டிருக்கிறாளாம். ரொட்டி தீர்ந்திருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது புதிது வாங்கி அதே இடத்தில் வைத்திருக்கிறாளாம். நெடுநாளாக. என் மகள் என்னைவிட்டு விலகிப்போய்விட்டாள், இந்த ஊர்ப் பிள்ளை ஆகிவிட்டாள் என்று நான் நினைத்துப் பொருமிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாக்கு தெரிஞ்சா உனக்கு வெக்கமா இருக்கும். வெக்கமா இருந்தா நீ இன்னும் ஜாஸ்தி சாப்பிடுவ" என்றாள்.

பதினைந்து வயது. நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை அவள் என்னைக் கவனித்தே தெரிந்துவைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அது என் வாயில் வந்த வேகத்தைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

6

ஜெயசீலியிடம் அடுத்த நாளே சொன்னேன். அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். லாக்கரிலிருந்து எடுத்துவந்த படத்தை அவள் மடியில் வைத்தேன். "எம்பொண்ணு என் மூஞ்சப் பாத்து பொய் சொன்னா. நமக்காக சொன்னா. அத யோசிங்க" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். ரூபி வரக்கூடாது, அவளை வைத்து இதையெல்லாம் சொல்ல வைக்கக்கூடாது என்றாள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளலாமாம். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். அந்த மனிதருக்கு முன்னால், தமிழில், தள்ளுவண்டிக் கொட்டகை முதல் சமையலறைத் தரை வரை சொன்னேன். அவர் எந்த முகமாற்றமும் இல்லாமல் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னார். வாரத்துக்கு எத்தனை தடவை என்று டாக்டர் கேட்டதற்கு இரண்டு என்றேன். அவர் அதை மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே, இல்லை, ஐந்து என்று திருத்தினேன்.

இதற்குப் பெயர் இருக்கிறதாம். வியாதி என்கிறார்கள், நிறையப் பேருக்கு இருக்கிறது என்கிறார்கள். பெயர் வைத்ததால் வெட்கம் போய்விடவில்லை. ஒவ்வொரு வாரமும் போகிறேன். தின்ன வேண்டும்போல் வரும்போது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். சில நாள் எழுதிவிட்டுத் தின்னாமல் இருக்கிறேன். சில நாள் எழுதிவிட்டும் தின்கிறேன். போன வாரம் இரண்டு தடவை. இது உண்மையான கணக்கு.

அக்காவிடம் மட்டும் சொல்லாமலே தள்ளிப்போட்டேன். அவள் தபாலாபீசை விடவில்லை. பத்து நாளைக்கு முன்னால் போன் செய்து, புதிதாக வந்திருக்கும் ஆபீசர் நல்ல மாதிரி, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றாராம் என்று உற்சாகமாகச் சொன்னாள். வேலை முடிந்து நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அவளுக்குச் சாயங்காலம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். சொல்லி முடித்தேன். போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"வெல்லப் பாகு கொஞ்சம் முத்திப் போச்சின்னு நெனச்சேன். அதிரசம் கெட்டியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நாற்பது அதிரசம். கெட்டியா, மெத்தென்றிருந்ததா, இனித்ததா, ஏலக்காய் போட்டிருந்தாளா, ஒன்றுமே எனக்கு நினைவில்லை.

"தெரியலக்கா. ருசியே தெரியல."

பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

"அப்பாக்கு அழுதியாடா நீ?"

"இல்லக்கா."

"ஒரு தடவகூடவா?"

குக்கரை அணைக்க யாரிடமோ சொன்னாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தனியறைக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"சரி. இப்ப அழு. நான் போன வெக்கல."

உடனே வரவில்லை. எதிர்ப்பக்கம் அந்தக் கடையும் அதன் விளக்கும் தெரிந்தன. கையில் பை எதுவும் இல்லாமல், வேலை உடுப்போடு, சுற்றி நின்ற நாலைந்து பேருக்கு நடுவில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அக்காவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸும் போனது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், என்ன ஆயிற்று என்று கேட்டார். என் அப்பா செத்துவிட்டார் என்று அவருக்குச் சொன்னேன். இந்தத் தடவை சொல் சரியாக வந்தது.